ஒரு கோடிப் பேர் வந்தால்: எஸ்பெராண்டோவின் வினை விகுதிகளும் கேள்விகளும்

1887 ஜூலை 26 அன்று வார்சாவில், ரஷ்ய மொழியில், சுமார் 40 பக்கத்துக்கு ஒரு சிறு புத்தகம் வந்தது. எழுதியவர் பெயர் 'டாக்டர் எஸ்பெராண்டோ'. நம்பிக்கையோடு இருப்பவர் என்று பொருள். அது புனைபெயர். உண்மையில் அவர் லுட்விக் ஸாமென்ஹாஃப் என்கிற 27 வயது கண் மருத்துவர். அச்சுச் செலவு மாமனார் கொடுத்தது.

அந்தப் புத்தகத்தில் எனக்கு ரொம்பப் பிடித்தது இலக்கணமோ சொல் பட்டியலோ இல்லை. அதோடு வெட்டி அனுப்புவதற்காக அச்சிட்டிருந்த கூப்பன். கீழே கையெழுத்திட்டவனாகிய நான், ஒரு கோடிப் பேர் இதே வாக்குறுதியைப் பகிரங்கமாகக் கொடுத்திருப்பது தெரியவந்தால் இந்த மொழியைக் கற்றுக்கொள்கிறேன் என்று உறுதி சொல்கிறேன். அதன் சாரம் இவ்வளவுதான். நிரப்பி வார்சா முகவரிக்கு அனுப்ப வேண்டும். யாரும் பேசாத மொழியை நான் மட்டும் எதுக்குப் படிக்கணும் என்று கேட்பவனுக்கு மனுஷன் முன்கூட்டியே யோசித்து வைத்த பதில். நிபந்தனை எல்லாம் வேண்டாம், இப்போதே படிக்கிறேன் என்பவர்கள் அந்தப் பகுதியை அடித்துவிட்டு 'நிபந்தனையின்றி' என்று எழுதலாம். பிடிக்காதவர்கள் 'எதிர்ப்பு' என்று எழுதி அனுப்பலாம்.

நான் மொழியியல் படித்தவன் இல்லை. பி.ஈ. முடித்து இருபது வருஷமாக நிரல் எழுதுகிறவன். அதனாலோ என்னவோ, அந்தக் கூப்பனில் என் கண் போய் நின்ற இடம் ஒரு விகுதி. 'தெரியவந்தால்' என்கிற இடத்தில் அவர் 'ஓஸ்' விகுதி போட்டிருக்கிறார். 'உஸ்' போடவில்லை. இந்தக் கட்டுரையே அந்த வித்தியாசத்தைப் புரிந்துகொள்ளப் போய் வந்ததுதான்.

எஸ்பெராண்டோவின் முழு இலக்கணமும் 16 விதிகள். அதில் ஆறாவது விதி வினைச்சொல். வருவதற்கு 'வேன்' என்பது வேர். வேனாஸ் என்றால் நிகழ்காலம், வேனிஸ் இறந்தகாலம், வேனோஸ் எதிர்காலம். வேனுஸ் என்றால் நடக்காத, நினைத்துப் பார்க்கிற வருகை. வேனு என்றால் வா. வேனி என்றால் வெறும் 'வர', 'வருதல்'. எச்சங்களை விட்டுவிட்டால் அவ்வளவுதான். நான், நீ, அவன், அவர்கள் யாராக இருந்தாலும் விகுதி மாறாது. நம் பக்கம் வந்தேன், வந்தாய், வந்தான் என்று பாலும் இடமும் வினையிலேயே ஒட்டிக்கொண்டு வருவதற்கு நேர் எதிர். பள்ளிக்கூடத்தில் ஆங்கில இலக்கணத்தைப் பார்த்தபோதுதான் வினைக்கு இத்தனை உருமாற்றம் தேவையில்லை என்று தனக்கு உறைத்ததாக ஸாமென்ஹாஃப் பின்னாளில் ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார்.

இந்த ஆறில் முதல் மூன்றும் காலம் காட்டுபவை. அடுத்த இரண்டும் காலத்தைப் பற்றி எதுவுமே சொல்லாது. பேசுகிறவன் அந்தச் செயலை எப்படிப் பார்க்கிறான் என்று மட்டும் சொல்லும்: நடப்பாகவா, கற்பனையாகவா, விருப்பமாகவா? இதைத்தான் வினைநோக்கு என்கிறேன். நம் இலக்கணத்தில் ஏவல், வியங்கோள் என்று படித்தது எல்லாம் இந்தக் குடும்பம்தான்.

இது எவ்வளவு சிக்கனம் என்று தெரிய, அன்றைக்குக் கொடிகட்டிப் பறந்த போட்டி மொழியைப் பார்க்க வேண்டும். வோலாபுக். ஜெர்மனியின் பாடன் பகுதியில் ஷ்லையர் என்கிற கத்தோலிக்கப் பாதிரியார் 1879-80இல் உருவாக்கியது. அதில் ஆணையிடுவதற்கே மூன்று வடிவம் உண்டு. சாதாரண ஏவலுக்கு ஒன்று, பணிவான வேண்டுகோளுக்கு ஒன்று, கண்டிப்பான கட்டளைக்கு ஒன்று. பின்னிரண்டுக்கும் வித்தியாசம் விகுதியின் கடைசி மெய் மட்டும்தான்: ஒன்றில் 'ஸ்', இன்னொன்றில் 'ட்ஸ்'. தும்மல் வருகிற நேரத்தில் யாரையாவது தயவாகக் கேட்டால் அதட்டின மாதிரி ஆகிவிடும்! இது போக நிபந்தனை வடிவம் தனி. வினைக்கு முன்னால் கால முன்னொட்டு, பின்னால் நான்-நீ-அவன் ஒட்டு, செயப்பாட்டுக்கு இன்னொரு எழுத்து. கேள்வி என்றால் வினையோடு 'லி' ஒட்டும். (அந்த 'லி' மட்டும் தமிழ்க்காரனுக்கு உடனே பிடித்துவிடும். நம்முடைய 'வந்தானா'வில் வருகிற ஆகாரம் மாதிரியேதான்.)

வோலாபுக்கின் அகாடமிக்கு 1887இல் தலைவராக வந்தவர் ஔகுஸ்ட் கெர்க்காஃப்ஸ். இந்தப் பெயரைப் பார்த்ததும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கணினிப் பாதுகாப்பு படித்தவர்களுக்கு இவரைத் தெரியும். ஒரு மறையீட்டு முறை எப்படி வேலை செய்கிறது என்பது எதிரிக்குத் தெரிந்தாலும், சாவி மட்டும் ரகசியமாக இருந்தால் அது பாதுகாப்பாக இருக்க வேண்டும் என்று 1883இல் எழுதியவர் அதே ஆள்தான். அவர் வோலாபுக்கைக் கற்று, பரப்பி, பிறகு இலக்கணத்தைக் குறைக்கலாம் என்றார். வணிகக் கடிதம் எழுதுகிறவனுக்கு இத்தனை வினை வடிவம் எதற்கு என்பது அவர் பக்கத்து நியாயம். இது என் படைப்பு, அகாடமி எதை முடிவு செய்தாலும் கடைசி வார்த்தை என்னுடையது என்றார் ஷ்லையர். 1889இல் பாரிஸ் மாநாட்டை முழுக்க வோலாபுக்கிலேயே நடத்திக் காட்டினார்கள். அது உச்சம். 1891இல் கெர்க்காஃப்ஸ் விலகிவிட்டார். அதற்குப் பிறகு இயக்கம் சிதறிப்போனது.

எங்கள் தொழிலில் இதைத் தினமும் பார்க்கிறோம். நிரல் நன்றாகத்தான் இருக்கும், யார் கையெழுத்து கடைசி என்பதில்தான் திட்டம் படுத்துவிடும். ஸாமென்ஹாஃப் தன் முதல் புத்தகத்திலேயே, இந்த மொழி பொதுச் சொத்து, இதன் மேல் எனக்குள்ள உரிமை எல்லாவற்றையும் விட்டுக்கொடுக்கிறேன் என்ற பொருளில் எழுதிவிட்டார். அது பெருந்தன்மைதான், ஆனால் கெட்டிக்காரத்தனமும் கூட.

சரி, விகுதிகளுக்குத் திரும்புவோம். ஆறில் எனக்கு மிகவும் பிடித்தது 'உ'. பாடப்புத்தகங்கள் இதைக் கட்டளை என்று ஒரு வரியில் முடித்துவிடும். அது அநியாயம். 'வேனு' என்றால் 'வா'. 'லி வேனு' என்றால் 'அவன் வரட்டும்' ('லி' இங்கே 'அவன்', வோலாபுக்கின் 'லி' அல்ல). 'நி வேனு' என்றால் 'நாம வருவோம், வாங்க' என்று எல்லாரையும் சேர்த்துக்கொள்வது. இதோடு கேள்விச் சொல்லான 'ச்சு'வைச் சேருங்கள். 'ச்சு மி வேனு?' என்றால் 'நான் வரட்டுமா?' அதையே 'ச்சு மி வேனாஸ்?' என்றால் 'நான் வருகிறேனா?' என்று தன்னையே தகவல் கேட்கிற விசித்திரமான கேள்வி. ஒரே ஒரு விகுதி மாறியதும், தகவல் கேட்பது அனுமதி கேட்பதாகிவிடுகிறது. ஆங்கிலத்தில் இதற்கு ஒரு துணைவினையைத் தேடிப் பிடிக்க வேண்டும். தமிழில் 'வரட்டுமா' என்று ஒரே சொல்லில் முடிகிறது, அதனால் எனக்கு இது ஒரு நிமிடத்தில் புரிந்தது. நான் சிக்கிக்கொண்டது வேறு இடத்தில். 'நீ வரணும்னு விரும்புறேன்' என்பதை எழுதும்போது 'வரணும்' என்கிற இடத்திலும் இதே 'உ' வர வேண்டும், அது துணை வாக்கியமாக இருந்தாலும். நான் ரொம்ப நாள் அங்கே நிகழ்காலத்தைப் போட்டுக்கொண்டிருந்தேன். விருப்பம் சொல்லியாகிவிட்டதே, இன்னொரு தரம் எதுக்கு என்று நினைப்பு. ஆனால் அவர் கணக்கு வேறு. அந்த வருகை இன்னும் உலகத்தில் இல்லை, யாரோ ஒருவருடைய மனசில்தான் இருக்கிறது. அதனால் அதற்குக் கால விகுதி கிடையாது.

'உஸ்' இதற்கு அண்ணன். நான் பணக்காரனாக இருந்திருந்தால் வீடு வாங்கியிருப்பேன் என்பதில், இருந்திருந்தால், வாங்கியிருப்பேன் இரண்டுக்குமே 'உஸ்'தான். இல்லாததை இல்லாதது என்று இரண்டு பக்கமும் அடையாளம் போட்டுவிடுகிறார்கள். ஆங்கிலம் வழியாக எஸ்பெராண்டோவுக்கு வருபவர்கள் இதில் ஒரு குழியில் விழுவார்கள். 'வருவேன் என்று சொன்னான்' என்பதை எழுதச் சொன்னால் 'வேனுஸ்' என்று எழுதுவார்கள். ஆங்கிலத்தில் நேற்றுச் சொன்ன எதிர்காலத்துக்கும் கற்பனைக்கும் ஒரே துணைவினை என்பதால் வருகிற கோளாறு. எஸ்பெராண்டோவில் அது 'வேனோஸ்'. அவன் வாயிலிருந்து வந்தபோது என்ன காலமோ அதே காலம். தமிழிலும் அப்படித்தான், ரஷ்ய மொழியிலும் அப்படித்தான். நம் ஆட்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதே இல்லை, ஆங்கிலத்தை நடுவில் விடாமல் இருந்தால் போதும்.

இப்போது அந்தக் கூப்பனைத் திரும்ப எடுத்துப் பாருங்கள். ஒரு கோடிப் பேர் சேர்ந்திருப்பது தெரியவந்தால். அங்கே 'உஸ்' போட்டிருந்தால், நடக்காத விஷயம்தான், சும்மா ஒரு பேச்சுக்கு, என்று ஆகியிருக்கும். 'ஓஸ்' போட்டதால் அது நடக்கப் போகிற, தேதி மட்டும் குறிக்காத எதிர்காலம். 'அப்பா வந்தா சொல்றேன்' என்கிற மாதிரி. ஒரு கோடிப் பேர் கையெழுத்திட்ட காகிதங்கள் தபாலில் வந்து சேரும் என்று அந்த இளைஞர் நம்பியதை இலக்கணமே காட்டிக்கொடுத்துவிடுகிறது. 1889இல் அவர் வெளியிட்ட முகவரிப் புத்தகத்தில் இருந்தவை ஆயிரம் பெயர்கள். அதிலும் பெரும்பாலானவை ரஷ்யப் பேரரசைச் சேர்ந்தவை.

கேள்விக்கு வருவோம். இதில் ஒரு வேடிக்கை உண்டு. கேள்வி கேட்பது எப்படி என்று அந்த 16 விதிகளில் ஒன்றுகூடச் சொல்லவில்லை. நான் இரண்டு மூன்று தடவை எண்ணிப் பார்த்தேன். எதிர்மறைக்கு விதி உண்டு, கவிதைக்காக எழுத்தை விழுங்குவதற்குக்கூட விதி உண்டு. கேள்விக்கு மட்டும் இல்லை. ஏன் என்றால் அதற்குத் தேவைப்படவில்லை. 'ச்சு' என்கிற சொல் பின்னால் உள்ள சொல் பட்டியலில் மற்ற வேர்களோடு ஒரு வேராக உட்கார்ந்திருக்கிறது. சாதாரண வாக்கியத்தை எடுத்து முன்னால் 'ச்சு' வைத்தால் கேள்வி. வாக்கியத்தைப் புரட்டிப் போட வேண்டாம், துணைவினையைக் கொண்டு வர வேண்டாம். 'லி வேனிஸ்', அவன் வந்தான். 'ச்சு லி வேனிஸ்?', அவன் வந்தானா? 'வருவானான்னு தெரியலை' என்பதில் உள்ளே வருகிற கேள்விக்கும் அதே 'ச்சு'. நம் ஆகாரம் செய்கிற இரண்டு வேலையையும் அதுவும் செய்கிறது, என்ன, இது கடைசியில் ஒட்டாமல் முதலில் நிற்கிறது.

இந்தச் சொல் போலிஷ் மொழியின் கேள்விச் சொல்லிலிருந்து வந்தது. இத்திஷ், பெலாருஸிய மொழிகளிலும் கிட்டத்தட்ட இதேதான். ஸாமென்ஹாஃப் பிறந்த பியாலிஸ்டோக்கில் இந்த மொழிகள் எல்லாம் தெருவில் புழங்கின. லத்தீன் சாயல் வேர்களை அள்ளி எடுத்தவர், ஆமாவா இல்லையா என்று கேட்க மட்டும் சொந்த ஊர்ச் சந்தையின் சொல்லை வைத்துக்கொண்டார்.

எது, எங்கே, எப்போது வகைக் கேள்விகளுக்கு ஓர் அட்டவணை. 'கி' என்று தொடங்கினால் கேள்வி, 'தி' என்றால் சுட்டு. கியே, எங்கே, தியே, அங்கே. கியு, யார், தியு, அவர். நம் எங்கே-அங்கே, எப்போது-அப்போது ஜோடிகளை அறிந்தவனுக்கு இது பழகிய வீடு. ஐந்து தொடக்கம், ஒன்பது முடிவு, மொத்தம் 45 சொல். எழுதி வைத்தால் தரவுத்தள அட்டவணை மாதிரியே இருக்கும். இந்த அழகான அட்டவணையில் 1887இல் ஒரு பிழை இருந்தது.

முதல் புத்தகத்தில் 'எப்போது' என்பதற்கு 'கியான்', 'அப்போது' என்பதற்கு 'தியான்'. அதே அட்டவணையில் 'எத்தகைய' என்பது 'கியா', 'அத்தகைய' என்பது 'தியா'. எஸ்பெராண்டோவில் செயப்படுபொருளுக்கு 'ன்' சேரும், நம் ஐ உருபு மாதிரி. கியாவோடு 'ன்' சேர்த்தால் என்ன ஆகும்? கியான். அதாவது 'எப்போது'வும் 'எத்தகையதை'யும் ஒரே சொல். ஐந்து வரிசையிலும் இதே மோதல். 'கியான்...' என்று ஒருவர் வாயைத் திறந்தால், தேதி கேட்கிறாரா, தினுசு கேட்கிறாரா என்று வாக்கியம் பாதி போன பிறகுதான் தெரியும்.

இது எப்படி அவர் கண்ணில் படாமல் போனது? எனக்குத் தோன்றுவது இது. முதல் புத்தகத்தின் மாதிரி வாக்கியங்களில், வேரையும் விகுதியையும் சிறு குறியிட்டுப் பிரித்தே அச்சிட்டிருந்தார், புதியவர்கள் அகராதி பார்க்க வசதியாக. அந்தக் கூப்பனில்கூட 'அத்தகைய வாக்குறுதியை' என்கிற இடத்தில் ஒரு 'தியான்' இருக்கிறது. பிரிப்புக் குறி இருக்கிற வரை குழப்பமில்லை. குறி இல்லாமல் ஜனங்கள் சாதாரணமாக எழுத ஆரம்பித்ததும் சாயம் வெளுத்துவிடும். எங்கள் அலுவலகத்தில் நான் ஒருமுறை அமைப்புக் கோப்புக்காக ஒரு குட்டி மொழி செய்தேன். வண்ணம் பூசிக் காட்டுகிற என் எடிட்டரில் எல்லாம் தெளிவாக இருந்தது. வெறும் எழுத்தாகத் திறந்த முதல் ஆளே, இந்த இரண்டு சொல்லும் ஒண்ணுதானே சார் என்று கேட்டார். அதற்குள் நாற்பது கோப்புகள் வெளியே போயிருந்தன, நான் கடைசி வரை மாற்றவில்லை. இன்றைக்கும் அது எங்கோ ஓடிக்கொண்டிருக்கும்.

ஸாமென்ஹாஃப் மாற்றினார். 1888இல், இரண்டாம் புத்தகத்துக்குப் பின்னிணைப்பாக வந்த சிறு வெளியீட்டில், கியான் 'கியாம்' ஆனது, தியான் 'தியாம்' ஆனது. ஒரே ஓர் எழுத்து. மொழி வெளியான மறு வருடமே, பயன்படுத்துவோர் எண்ணிக்கை சில நூறுகளில் இருந்தபோதே செய்ததால் அது சாத்தியமாயிற்று. அதன் பிறகு அவரே 1894இல் பெரிய சீர்திருத்தங்களை முன்வைத்து வாக்கெடுப்பு நடத்தியபோது, பெரும்பான்மையினர் வேண்டாம் என்றுவிட்டார்கள். ஷ்லையர் செய்யாததை அவர் செய்தார்: தோற்றதை ஏற்றுக்கொண்டார். 1905இல் பிரான்ஸின் பூலோன் நகரில் நடந்த முதல் உலக மாநாடு, அடிப்படை இலக்கணத்தில் யாரும், அவரே கூட, கை வைக்கக் கூடாது என்று பூட்டுப் போட்டது.

பூட்டைப் பிடிக்காதவர்கள் 1907இல் பிரிந்து 'இடோ' என்ற மொழியைக் கொண்டுவந்தார்கள். அவர்கள் கை வைத்த இடங்களைப் பார்த்தால் சிரிப்பு வரும். 'ச்சு' போய் 'கா' வந்தது. கியாம் போய் 'கான்தே', கியே போய் 'உபே'. மேற்கு ஐரோப்பியக் கண்ணுக்குப் பழக்கமான சொற்கள்தான், ஆனால் அட்டவணை உடைந்தது. கட்டளைக்கு 'உ'வுக்குப் பதில் 'எஸ்' போல ஒரு விகுதி. பிரெஞ்சு படித்தவனுக்கு அது சுலபம். மற்றவனுக்கு 45 சொல்லையும் தனித்தனியாக மனப்பாடம் செய்கிற வேலை. இதில் நான் எந்தப் பக்கம் என்று மறைக்க விரும்பவில்லை. இடோவுக்காரர்கள் உலக மொழி என்று சொல்லிக்கொண்டு தங்கள் பக்கத்து வீட்டுக்காரனுக்கு எது எளிது என்று மட்டும் பார்த்தார்கள்.

ஆனால் எஸ்பெராண்டோ முழுசும் தீர்த்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. கேள்விக்கு விதி எழுதாமல் விட்டதன் வினை ஓர் இடத்தில் முளைக்கிறது. 'ச்சு வி நே வேனாஸ்?', நீ வரலையா? வரவில்லை என்றால் என்ன பதில் சொல்வது? நாம் 'ஆமா, வரலை' என்போம். ஜப்பானியரும் நம் கட்சி. கேட்டவர் சொன்னது சரி என்பதற்கு 'ஆமா'. ஆங்கிலேயர், போலிஷ்காரர் எல்லாம் 'இல்லை, வரலை' என்பார்கள். அவர்களுக்கு விஷயம் எதிர்மறை என்றால் பதிலும் எதிர்மறை. இரண்டு வழக்கமும் எஸ்பெராண்டோவில் உண்டு. மேற்கத்திய முறை, கீழைத்தேய முறை என்று இலக்கணப் புத்தகங்களே பிரித்துச் சொல்கின்றன. மேற்கத்திய முறைதான் அதிகம் புழங்குகிறது, ஆனால் அந்தப் பூட்டிய அடிப்படையில் இதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. வெறும் 'யேஸ்' என்று மட்டும் ஒருவர் பதில் எழுதினால், அவர் எந்த ஊர்க்காரர் என்று தெரியாமல் அவர் வருகிறாரா இல்லையா என்று சொல்ல முடியாது.

நான் ஒருமுறை இணைய உரையாடல் ஒன்றில், இன்னும் புத்தகம் கிடைக்கலையா என்று ஒருவர் கேட்டதற்கு 'யேஸ்' என்று மட்டும் பதில் போட்டேன். கிடைக்கவில்லை என்ற அர்த்தத்தில். சந்தோஷம், படித்துவிட்டு எழுதுங்கள் என்று பதில் வந்தது. இப்போதெல்லாம் வினையையும் சேர்த்தே எழுதிவிடுகிறேன்.